மேடையில் என் கட்டம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரைப் பெற்று வளர்த்தேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் எழுத்து வராது. இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் பேத்தி தேவி. வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான்.

போன வாரம் தேவியின் அக்கா கவிதாவுக்குக் கல்யாணம். அவர்களுடைய அப்பா சேகர், என் மூன்றாவது மகன், வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். தாலி கட்டும்போது யார் எங்கே நிற்பது என்பதைக்கூட எக்செல்லில் போட்டு வைத்திருந்தான். ஆளுக்கு ஒரு கட்டம், உள்ளே பேர். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாக் கட்டமும் ஓடிப்போய் அதனதன் இடத்தில் நிற்கும். அதற்கு மேக்ரோ என்று பேராம்.

அழகாகத்தான் இருந்தது. என் பேர் எங்கே என்று கேட்டேன்.

மேடைக்குக் கீழே... ஹாலில், கடைசித் தூண் ஓரம்.

"ஃபேனுக்கு நேரா போட்டிருக்கேம்மா. காத்து நல்லா வரும்" என்றான் சேகர்.

"வேர்க்குதுன்னு நான் சொன்னனா?"

சேகர் பெண்டாட்டி மல்லிகா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "தாலி கட்டற நேரம் அத்தை... மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஏதாச்சும் சொல்லுவாங்க."

புரிந்தது. நான் புருஷன் இல்லாதவள். கவிதாவுக்கு அம்மை போட்டபோது ராப்பகலாக வேப்பிலை வீச நான் ஆகும்; தாலி கட்டும்போது ஆகாது. கேட்டால் சம்பிரதாயம் என்பார்கள்.

மவுஸை வாங்கினேன். என் கட்டத்தை இழுத்துப் போய்க் கவிதா பக்கத்தில் வைத்தேன். சேகர் பட்டனை அழுத்தினான். கட்டம் தூண் ஓரமே திரும்பிப் போனது. மறுபடி இழுத்தேன். மறுபடி போனது.

சிரித்தான். "நீ இழுத்து வச்சா நிக்காதும்மா. புருஷன் இல்லன்னா கீழ வைன்னு மேக்ரோவுல ஒரு வரி இருக்குது. அது சொல்ற எடத்துக்குத்தான் போவும்."

"அந்த வரிய எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப அழி."

"ஊரு இன்னா சொல்லும்..."

"ஊரா வந்து டைப் அடிச்சிது?"

அழித்தான். பட்டனை அழுத்தினான். மேடையேறியது என் கட்டம் மட்டுமா? மல்லிகாவின் அம்மாவும் ஏறினாள். என் கடைசி மகள் செல்வியும் ஏறினாள் — புருஷன் போனபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவள் தனக்காக ஒரு வார்த்தை கேட்டதில்லை. மல்லிகா ஸ்கிரீனில் தன் அம்மா பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகூர்த்தத்தில் மூவரும் மேடையில் நின்றோம். செல்வி என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, நீங்கள்லாம் மேல நிக்கலாமா?"

"படி ஏறத்தான் கஷ்டமா இருந்துச்சிங்க. நிக்கறதுல ஒண்ணுமில்ல" என்றேன்.

செல்வி போட்ட அட்சதை கவிதாவின் தலையில் நேராக விழுந்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நாம் ஆயுசு முழுக்கக் கட்டத்தைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வரியில் கை வைக்க மட்டும் பயம்.

போதும், தேவி. படிச்சிக் காட்டு, கேக்கலாம். சத்தமாவே படி... உங்கப்பன் உள்ளதான் இருக்கான்.