கழிக்குள் போன ஏழு கூண்டுகள்

டிசம்பர் புயல் வெள்ளத்தில் துரையின் நண்டுக் கூண்டுகள் ஏழு, மிதவைக் கேன்கள் அறுந்து முட்டுக்காட்டு உப்பங்கழிக்குள் போய்விட்டன. திருமுடிவாக்கம் பட்டறையில் கம்பி வளைத்து, நைலான் வலை கட்டிய கூண்டுகள். துரை அவற்றைத் தலைமுழுகிவிட்டான். அவன் மனைவி பட்டுவால் அது முடியவில்லை.

நாவலூர் அடுக்குமாடிகளின் வாசலில் பதினாறு வருடமாக நண்டு விற்பவள் அவள். மார்ச் பிறந்தும் கூடை பாதிகூட நிறையவில்லை.

"தொலஞ்ச கூண்டு அடியில நண்டப் புடிச்சிகினேதான் கீது," என்றாள்.

"இரை எப்பவோ தீந்துபோச்சு. வெறுங்கூண்டுக்குள்ள நண்டு இன்னாத்துக்கு வரும்?" என்று துரை சிரித்தான்.

"உள்ள மாட்டுனது செத்தா, அதுவே இரைதானே."

இந்தப் பேச்சு மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் காலை, அவள் வாயை அடைப்பதற்காகவே துரை அவளையும் ஏற்றிக்கொண்டு படகைத் தள்ளினான். வெகுநேரம் கொக்கியைப் போட்டு இழுத்தபின், மணல்திட்டின் ஓரத்தில் எதிலோ மாட்டியது; இழுத்தும் வரவில்லை. படகை நங்கூரமிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பட்டுவிடம் கொடுத்துவிட்டுக் குதித்தான்.

கயிறு ஓடி நின்றது. குமிழிகள் வந்தன. பிறகு அவையும் வரவில்லை. கயிறு இரண்டு தடவை வெடுக்கென்று இழுபட்டது. பட்டு பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை.

கயிற்றைப் படகின் குறுக்குப் பலகையில் கட்டினாள். சேலையை அவிழ்த்தெறிந்துவிட்டு, கத்தியைப் பல்லில் கடித்தபடி இறங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆழத் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

சேறு கலங்கிக் கண் தெரியவில்லை. கயிற்றைப் பிடித்தே போனாள். அவன் முழங்கால் தட்டுப்பட்டது. கணுக்காலைச் சுற்றிக் கூண்டின் வெளியே தொங்கிய வலைத்துண்டு. அவன் உதைக்க உதைக்க அது இறுகியது. அந்தக் காலை மார்போடு அணைத்துக்கொண்டு அறுத்தாள். ஏதோ அவள் விரலைக் கவ்வியது. கத்தியை விடவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் இருந்த நொடியில் வலை விட்டது.

படகின் விளிம்பைப் பிடித்துத் துரை இருமி இருமித் தண்ணீரைக் கக்கினான். பிறகு இருவரும் சேர்ந்து கொக்கியை இழுத்தார்கள். கூண்டு மேலே வந்தது. அடியில் வெற்று ஓடுகளும் மீன்முள்ளும் குவிந்திருந்தன. அவற்றின் நடுவே ஒன்பது உயிர் நண்டுகள். அதில் ஒன்று செத்த நண்டின் காலை இன்னும் பிய்த்துக்கொண்டிருந்தது.

துரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் உள்ள சதையில்லாம கீது. தொறந்து வுட்டுடு பட்டு," என்றான்.

அவள் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழியில் விட்டாள்.

அடுத்த இரண்டு வாரத்தில், துரையின் தம்பி குணாவும் துணைக்கு வர, இன்னும் நான்கு கூண்டுகளை எடுத்தார்கள். புதிய கூண்டுகளின் கதவைப் பருத்திக் கயிற்றால்தான் கட்ட வேண்டும் என்று பட்டு பிடிவாதமாகச் சொன்னாள். கூண்டு தொலைந்தாலும் கயிறு மக்கிக் கதவு தானே திறந்துகொள்ளும். அடிக்கடி மாற்றிக் கட்டுவது பேஜார் என்று முணுமுணுத்தபடி, அதைத் துரையே செய்கிறான்.

மிச்சம் இரண்டும் இன்னும் கிடைக்கவில்லை. கொக்கி எதிலாவது மாட்டும்போதெல்லாம் அவன் தண்ணீரைப் பார்ப்பதில்லை. முதலில் பட்டுவின் முகத்தைத்தான் பார்க்கிறான்.