கோல்கும்பஸில் கேட்டது மூன்று

போலாரத்தில் எங்கள் வீட்டைப் பூட்டிக் கிளம்பியபோது காலை மணி ஐந்து நாற்பது. ஆட்கள் ஐந்து, பைகள் ஒன்பது, தண்ணீர் பாட்டில்கள் ஆறு. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். முதல் நாள் பீதர் கோட்டை, இரண்டாம் நாள் பிஜாப்பூரில் கோல்கும்பஸ் கும்மட்டம், மூன்றாம் நாள் மகாபலேஷ்வர் மலை. திட்டம் மகனுடையது, ஓட்டியதும் அவன்தான். பின்னால் என் மனைவி, மருமகள், பதினோரு வயதுப் பேத்தி. நான் முன்னால் உட்கார்ந்து கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பட்டான்செருவின் லாரி நெரிசலைத் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் மருமகள் சொன்னாள்:

"மாமா, முன் சக்கரத்துல என்னமோ சத்தம் வருது."

மகன் பாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். அதற்குக் காரணம் உண்டு. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வேயில் என் வேலையே சக்கரத்தைக் கேட்பதுதான். நின்ற வண்டியின் ஓரமாக நடந்து, சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டுவேன். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் விட்டது மண்சட்டிபோல மொத்தென்று சொல்லும். பெட்டிக்கு எட்டுச் சக்கரம், இருபத்து நான்கு பெட்டிக்கு நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. ஒன்றுகூட விட்டதில்லை.

உற்றுக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

"ரோடு சொரசொரப்பு. டயர் சத்தம்தான். சக்கரம் நல்லா இருக்கு."

"அப்பாவே சொல்லிட்டார்," என்று மகன் மறுபடி பாட்டைப் போட்டான்.

பீதரில் கோட்டை வாசல்களை எண்ணினேன். வெயில் கண்ணைக் கூச, நடுவில் கணக்கு தவறிவிட்டது. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. மறுநாள் பிஜாப்பூர் சாலையில் மருமகள் தயங்கித் தயங்கி, "சத்தம் கூடுது மாமா," என்றாள். "ஹவ் தாத்தா, பெரிய வண்டு மாதிரி," என்று பேத்தியும் ஆமோதித்தாள்.

"ரயில் சக்கரத்தையே பார்த்தவன் நான். இந்தப் பொம்மை வண்டிச் சக்கரம் எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

கோல்கும்பஸின் மேல்மாடத்துக்கு ஐந்து இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறினேன். கல்யாணமான வருஷம் ரயில்வே பாஸில் நானும் மனைவியும் அங்கே வந்திருக்கிறோம். ஒரு முறை கை தட்டினால் கும்மட்டம் பத்து முறை திருப்பித் தரும். அன்றே எண்ணி வைத்திருந்தேன். இப்போது தட்டினேன். மூன்று.

"கூட்டம் வந்து வந்து கட்டடமே கெட்டுப்போச்சு. மூணுதான் வருது," என்றேன்.

"நக்கோ தாத்தா, இல்லை! டென் வருது. நான் கவுண்ட் பண்ணேன்."

"உனக்கு எண்ணத் தெரியலை."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்து விரித்து வைத்தாள். தன் அம்மாவைத் தட்டச் சொல்லிவிட்டு, தன் காதில் விழ விழ என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று வரை எனக்கும் கேட்டது. நான்காவதிலிருந்து விரல்கள் மட்டும் மடங்கின. பத்தும் மடங்கியபின், "போலோ தாத்தா, இப்ப சொல்லுங்க," என்று நிமிர்ந்து பார்த்தாள்.

நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நடுவில் நான் நல்லது என்று சொல்லி அனுப்பிய ஒரு சக்கரம், அதன்மேல் என் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும். கீழே இறங்கும்வரை எப்படிச் சொல்வது என்பதே தெரியவில்லை.

மகன் வண்டிக் கதவைத் திறந்தபோது சொன்னேன்.

"முதல்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டு."

"நீங்கதானேப்பா ஒண்ணுமில்லைன்னீங்க?"

"எனக்குக் கேக்கலைடா. உங்க எல்லாருக்கும் கேக்குது. எனக்குக் கேக்கலை."

மகன் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். மனைவிதான் பேசினாள்.

"மூணு வருஷமாத் தெரியுங்க. டிவி வைக்கிற சத்தத்துலயே தெரியும். சக்கரமாவது உங்களுக்குக் கேக்கும்னு நெனச்சேன்."

மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு வேகமாகச் சுற்றிவிட்டார். "பேரிங் கயா சாப்," என்றார். பேரிங் போய்விட்டது, இதோடு மலை ஏறியிருந்தால் நடு வழியில் சக்கரம் இறுகி நின்றிருக்கும் என்று இந்தியில் மகனிடம் விளக்கினார். என் கையை இழுத்து ஸ்பிரிங் மேல் வைத்து, சக்கரத்தை மறுபடி சுற்றினார். உள்ளே மணலை அரைப்பதுபோல ஒரு நறநறப்பு உள்ளங்கையில் ஏறியது. காதுக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை.

புது பேரிங் போட்டு, மறுநாள் மலை ஏறினோம். "இப்ப சத்தமே இல்லை மாமா!" என்று மருமகள் பின்னாலிருந்து குனிந்து உரக்கச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு முந்தின நாளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

மேகம் கண்ணாடிமேல் படிந்து பள்ளத்தை மறைத்தது. வளைவுகளைப் பதினேழு வரை எண்ணினேன். அதற்குமேல் மனம் வேறு கணக்குக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம். மூன்று வருஷம் என்பது மனைவி கண்டுபிடித்த கணக்கு. காது உண்மையில் எப்போது போக ஆரம்பித்தது? வேலையின் கடைசி வருஷத்திலா? அதற்கு முந்தின வருஷத்திலா? ஒரு வண்டிக்கு நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. ஒரு நாளைக்கு நான்கு வண்டி. எல்லாம் மணிபோல ஒலித்ததாகத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பேத்தி என் தோளைத் தட்டினாள். உதடு அசைவதைத்தான் முதலில் பார்த்தேன்.

"என்ன கவுண்ட் பண்றீங்க தாத்தா?"

"வளைவு," என்றேன்.