பதினொன்றாவது எறும்புத்தின்னி

நம்பாதவர்கள் எடை நோட்டைப் பார்த்துக்கொள்ளலாம். மணிவாரியாக எழுதியிருக்கிறேன், கையெழுத்தும் என்னுடையதுதான். இப்படி ஒரு கதையைக் கட்டிவிடும் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் போதாது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சாட்சி சொல்வார்.

கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கும் விலங்குகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் எனக்கு வேலை. அந்த முறை ஒரு லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே பதினோரு எறும்புத்தின்னிகள் வந்தன, ஒவ்வொன்றும் ஒரு சாக்கில். அவை சாட்சிப் பொருள்களாம்! கோர்ட் உத்தரவு இல்லாமல் காட்டில் விடக்கூடாதாம். வாய்தா மேல் வாய்தா போட்டார்கள். பன்னிரண்டு நாளில் பத்து செத்துப்போயின. ஒன்றுகூட ஒரு வாய் தின்னவில்லை. பந்தாகச் சுருண்டபடியே போய்ச் சேர்ந்தன. அழுது அழுது எனக்குக் கண்ணீரே வற்றிப்போயிருந்தது.

மிச்சம் ஒன்று. பெண். மறுநாள் காலை பத்தரைக்கு உத்தரவு வந்துவிடும் என்றார்கள். அதுவரை அதை உயிரோடு வைத்திருந்தால் போதும்.

"சுருண்டிருந்தா பிரிக்கக் கூடாது. அதுவா விரியணும்," என்றார் டாக்டரம்மா, கிளம்பும்போது. "இன்னிக்கும் சாப்பிடலைன்னா அவ்வளவுதான்மா."

எறும்புத்தின்னி இரவில்தான் விழித்துத் தின்னும். அதனால் நான் தங்கிவிட்டேன்.

ஒன்பது மணி. கூடையோடு தராசில் வைத்து, கூடையின் எடையைக் கழித்தேன். மூன்று கிலோ இருநூறு. எறும்பு முட்டைத் தட்டை மூக்கருகே வைத்தேன். அசைவே இல்லை.

பத்து மணி. மூன்று கிலோ இருநூறு.

பதினொன்று. மூன்று கிலோ அறுநூறு.

தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. தண்ணீரும் குறையவில்லை. ஒரு கிலோ படிக்கல்லைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. தூக்கக் கலக்கம் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி எடை போட்டேன். அதே மூன்று அறுநூறு.

12:20. மெல்லிய சத்தம். க்ரீ... க்ரீ...

வாட்ச்மேன் கதவருகே வந்து நின்றார். "அக்கா, உள்ள ஏதோ கத்துதே?"

"எறும்புத்தின்னி கத்தாதுப்பா. நீ போ."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் கேட்டது. சத்தம் அந்தப் பந்துக்குள்ளிருந்துதான் வந்தது.

குனிந்து பார்த்தேன். மற்ற பத்தும் ஊசி நுழையாத அளவு இறுக்கிச் சுருண்டிருந்தன. இது அப்படியில்லை. நடுவில் கையளவு குழி விட்டிருந்தது. இறுக்கக்கூடத் தெம்பில்லை போலிருக்கிறது.

குழிக்குள் விரலை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

எதுவோ விரலைக் கவ்விச் சப்பியது.

பசி! இதற்குப் பசிக்கிறது! சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. பாலைக் கரைத்து ட்யூபில் ஏற்றினேன். வாயில் செலுத்த வேண்டுமென்றால் பிரித்தே ஆக வேண்டும்.

1:05. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வரவில்லை. புஸ்... என்று சீறியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோடி தங்கம். உன் நல்லதுக்குத்தான்."

இன்னும் பலமாக இழுத்தேன்.

எதுவோ பிய்ந்து என் கையோடு வந்தது...

கையில் ஒன்றும் இல்லை.

க்ரீ சத்தம் நின்றுவிட்டது.

மறுபடி எடை போட்டு இறக்கினேன். மூன்று இருநூறு.

அது விரிந்தது. பன்னிரண்டு நாளில் முதல் முறையாக நடந்தது. பால் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு மூலையாகப் போய் முகர்ந்தது. பிறகு என்னிடம் வந்து என் கையை முகர்ந்தது. நெடுநேரம் முகர்ந்தது. மறுபடி மூலைக்குப் போனது.

4:40-க்குப் படுத்தது. சுருளாமல், தட்டையாக. பிறகு எழுந்திருக்கவில்லை.

உத்தரவு 10:50-க்கு வந்தது. காட்டில் விடலாமாம்.

அறுத்துப் பார்த்த டாக்டரம்மா, "மடியில பால் இருக்கு. இதோட குட்டி எங்க?" என்று கேட்டார். லாரியில் குட்டியே கிடையாது.

மூன்று வாரம் கழித்து, பிடிபட்டவனின் வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். "வால்ல ஒரு குட்டி தொத்திக்கிட்டு இருந்துச்சு. தாய் அதைச் சுத்திச் சுருண்டுக்கிச்சு. உயிரோட பிரிக்க முடியல. குட்டியைக் கொன்னுதான் எடுத்தோம். நானூறு கிராம்தான் தேறுச்சு."

அதற்குப் பிறகும் அந்தக் குட்டி எப்படியோ தாயைத் தேடி வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து அதைப் பிய்த்து எடுத்தவள் நான்.