மெழுகில் வந்தவள்

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. "பல்லக்குல ஏறாத பல்லக்கா" என்று கணவர் கேலி செய்வார். அவர் லிப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் நோகாமல் மேலே ஏற்றிவிட்டு, சொந்த வீட்டுக்கு மூன்று மாடி மூச்சிரைக்க ஏறி வருகிறவர்.

யோசிக்காமல் எதையும் செய்ய அவளுக்கு வராது. துணிக்கடைக்குப் போனால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லவே ஒரு வருஷம் இழுத்தடித்தாள். "அதுக்குள்ள எனக்குப் பாதித் தலை வழுக்கை" என்பார் அவர். சாமி உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால்கூட, "யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும்.

வேலைக்கு அந்தக் குணம் தோதாகத்தான் இருந்தது. வாயின் அச்சில் இளஞ்சிவப்பு மெழுகை வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, விளக்கில் சூடு காட்டிய கத்தியால் ஈறு செதுக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவர் வாய் கோணிப்போகும்.

ஒருநாள் மத்தியானம், வயதான ஓர் அம்மாளுக்கு முழு செட் தயாராகிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே பழையபடி இடைவெளி வேண்டும் என்று அந்த அம்மாள் தன் இளவயதுப் படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். பல்லக்கா அதைப் பார்த்துப் பார்த்து நட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முதலாளி எடுத்துப் பேசிவிட்டு, "அந்த செட்டை நிறுத்திடும்மா. அவங்க காலைல தவறிட்டாங்களாம்" என்றார்.

"சரிங்க" என்றாள். ஈறுக்கென்று இளக்கிய மெழுகு கையில் இளஞ்சூடாக இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருந்தன. குனிந்து பார்த்தபோது உள்ளங்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் உயரம்தான். முகத்தில் கண், மூக்கு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதுபோல் கழுத்தைத் திருப்பியிருந்தாள். அந்தத் திரும்பலில் இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவாளோ என்றிருந்தது.

தான் செய்ததுதானா என்று பல்லக்கா நகங்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் மெழுகு இருந்தது.

சாயங்காலம் அந்த அம்மாளின் மகள் படத்தைத் திரும்ப வாங்க வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. போகத் திரும்பியவள் மேஜைமேல் இருந்ததைப் பார்த்து நின்றாள்.

"இது யாருங்க?"

"தெரியல."

மகள் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எடுத்துட்டுப் போ கண்ணு" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று பல்லக்காவுக்குப் புரிவதற்குள் மகள் அதைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கொடுத்தது தப்பு என்றும் நினைக்க முடியவில்லை, கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று நினைக்காமலும் இருக்க முடியவில்லை. கணவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அவ்ளோதானே? இன்னொண்ணு பண்ணிக்க."

பண்ணினாள். அதே மெழுகு, அதே உயரம், அதே உட்கார்வு. எல்லாம் சரியாக இருந்தது, அவள் மட்டும் வரவில்லை. கணவர் களிமண் வாங்கி வந்தார். தானே ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டார். "சீக்கிரம்மா! என்னை யாரும் கூப்பிடவும் இல்ல, கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்" என்று அலறினார். ஞாயிற்றுக்கிழமைச் சிற்ப வகுப்பிலும் சேர்ந்து பார்த்தாள். எலும்பு எங்கே, சதை எங்கே என்று வாத்தியார் காட்டியதையெல்லாம் அச்சு அசலாகச் செய்தாள். ஒருநாள் அவர் அவள் பக்கத்தில் வந்து ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "உங்க கை ரொம்பச் சொன்ன பேச்சுக் கேக்குதும்மா" என்றார். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் அது குறை என்று உறைத்தது.

அதற்குப் பிறகு கையை ஏமாற்றப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பிசைந்தாள். கோபமாக இருக்கும்போது பிசைந்தாள். அடுப்பில் பால் பொங்கும்போது, அவசரத்தில் ஏதாவது வராதா என்று பிசைந்தாள். பால் வழிந்ததுதான் கண்ட பலன். தானாக வருவதற்கு எப்படிக் காத்திருப்பது? காத்திருக்கிறோம் என்பதே அதற்குத் தெரிந்துவிடுகிறதே! வகுப்பை விட்டாள், களிமண்ணைத் தொடுவதையும் விட்டாள். ஆனால் அது காய்ந்துபோகாமல் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கணவர் அதன்மேல் ஈரத்துணி போட்டுவிட்டுப் போவதை அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

வருஷங்கள் ஓடின. சாமி பற்றி யாராவது கேட்டால் இப்போது "யோசிச்சுச் சொல்றேன்" என்பதில்லை. பேசாமல் இருந்துவிடுவாள்.

கடைசியில் அந்த மெழுகுப் பெண்ணை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டாலாவது மனசு அடங்கும் என்று தோன்றியது. அந்த அம்மாளுக்கு செட் செய்யச் சொல்லியிருந்த பல் டாக்டரிடம் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள். "நான் வந்தா ஏதாவது உளறுவேன், நீ போயிட்டு வா" என்று கணவர் கீழேயே நின்றுகொண்டார்.

அந்த அம்மாளின் மகள், வீட்டிலேயே திரைச்சீலை தைக்கும் தொழில் வைத்திருந்தாள். அறை முழுக்கத் துணி. பல்லக்காவை அடையாளம் கண்டதும் பதறிப்போய் உட்காரவைத்தாள்.

"உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியலக்கா" என்று அலமாரியிலிருந்து அதை எடுத்து வந்தாள். "போன கோடைல ஜன்னல் பக்கத்துல வச்சுட்டேன். வெயில்ல தலை சாஞ்சுடுச்சு. நிமிர்த்தலாம்னு பார்த்தேன், பயமா இருந்துச்சு."

அந்தப் பெண் இப்போது திரும்பிப் பார்க்கவில்லை. தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டவர் கூப்பிட்டு ஓய்ந்துபோய்விட்டதுபோல் இருந்தது.

"நீங்க செஞ்சதுதானே, சரி பண்ணிக் கொடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு மகள் காபி போட உள்ளே போனாள்.

பல்லக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கைச்சூட்டில் கழுத்து இளகுவது தெரிந்தது. எவ்வளவு தூக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று விரலுக்கு அத்துப்படி. ஒரு நிமிஷ வேலை. ஆனாலும் அவள் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே டம்ளர் சத்தம் கேட்டதும் எழுந்து அதை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

"முடியலையாக்கா?"

"முடியும்மா. அதான் பண்ணல."

மகளுக்குப் புரிந்ததோ இல்லையோ, காபி டம்ளரை நீட்டினாள். காபியைக் குடித்துவிட்டு, அவள் அம்மாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பல்லக்கா கீழே வந்தாள்.

"பார்த்தியா?" என்றார் கணவர்.

"பார்த்தேன்."

"நீ சொன்ன அளவுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. யாரு செஞ்சதுன்னுதான் தெரியல."

"வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிப்போமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. இந்த முறை அவர் கேலி பண்ணவில்லை. அவள் துடைத்துக்கொள்ளும்வரை, அடுத்த கட்டடத்தில் எத்தனை மாடி என்று அண்ணாந்து எண்ணுவதுபோல் நின்றுகொண்டிருந்தார்.