ஸ்பேனரைத் தேடிய கமாண்டர்

இன்று பள்ளியிலிருந்து எங்களைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்கள். என் அப்பா அங்கேதான் கான்ட்ராக்ட் ஃபிட்டர்.

பழுது பார்த்து முடித்த ஒரு பெரிய மெஷினை எங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. புதிதாக வந்திருக்கும் பாதுகாப்பு அதிகாரி, விமானப்படையில் ஹெலிகாப்டர் பிரிவுக்குக் கமாண்டராக இருந்தவர். "டூல்ஸ் எல்லாம் எண்ணியாச்சா?" என்று கேட்டார்.

அப்பா கையைத் தூக்கினார். "என் ஸ்பேனர் ஒண்ணு காணோம் சார். மெஷினுக்குள்ளயே விட்டுட்டேனோ என்னவோ."

"இன்னாபா, புள்ளைங்க முன்னாடி பேஜாரு பண்ற? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.



"கிடைக்கிற வரைக்கும் ஸ்விட்ச்ல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார் கமாண்டர். டார்ச்சை வாங்கிக்கொண்டு, எண்ணெய்த் தரையில் அவரே குப்புறப் படுத்தார்.

வானத்தில் பறந்தவர் என் அப்பாவின் காலடியில் கிடந்து தேடுகிறார்!

கியருக்குப் பக்கத்தில் சிக்கியிருந்த ஸ்பேனரை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். பிறகு சூப்பர்வைசரிடம் சொன்னார்: "இவர மாதிரி ஆளுங்க மறைக்காம சொன்னதாலதான் நான் ஒவ்வொரு தடவையும் உயிரோட தரையிறங்கினேன்."

இப்போது அப்பா வீட்டில் ஸ்பூன்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்று குறைகிறதாம். கிடைக்கும்வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாதாம்.

அந்த ஸ்பூன் என் டிபன் டப்பாவோடு பள்ளி பஸ்ஸிலேயே போய்விட்டது. அம்மாவோ அந்தக் கமாண்டர் மாதிரி இல்லை.

கையைத் தூக்கட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், பசிக்கிறது.