மழையில் காயப்போட்ட போர்வை

ஊரில் எனக்கு ‘அடியங்குலம்’ என்று பெயர். யாராவது “சௌக்கியமா?” என்று கேட்டால்கூட, “பதினோரடி நாலங்குலம், ஏறுமுகம்” என்று பதில் சொல்வேனாம். சொல்வேனாம் என்ன, சொல்லியிருக்கிறேன். ஆற்றங்கரையில் நட்டிருக்கும் அளவுக்கம்பத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவதுதான் என் உத்தியோகம். சாதாரண நாளில் மூன்று தடவை, மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை. எண் தெரிந்த எவரும் செய்துவிடலாம். நான் அதை நாட்டைத் தாங்கும் தூண் மாதிரி செய்துகொண்டிருந்தேன்.

ஆற்றுக்கு இக்கரை எங்கள் நாடு, அக்கரை வேறு நாடு. கூப்பிட்டால் கேட்காது, கட்டியிருக்கும் சேலையின் நிறம் தெரியும், அவ்வளவு தூரம். அக்கரையில் தாழ்ந்த தெரு ஒன்று உண்டு, நாற்பது வீடு. முதல் வீடு என் சகலையுடையது, அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கல்யாணமான புதிதில் பத்து நிமிஷப் படகில் போய், விருந்து சாப்பிட்டு, சகலையோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். பிறகு எல்லைச் சட்டம் வந்தது, படகு நின்றது. சகலையோடு சண்டை போடக்கூட மூன்று அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றாகிவிட்டது.

அதற்கு முன்பு தினமும் காலையில் அக்கரை அலுவலகத்துக்கு நானே போன் செய்து மட்டத்தைச் சொல்லிவிடுவேன். எங்கள் மாநிலமும் அவர்கள் மாநிலமும் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. மத்திய அரசு ஒருநாள் அதைக் கண்டுபிடித்துவிட்டது. ஆறு என்பது மாநிலத்தின் விஷயம், வாஸ்தவம். ஆனால் அயல்நாட்டோடு பேசுவது மத்திய அரசின் விஷயம். ஆகவே தண்ணீரை நான் அளக்கலாம், அளந்ததை அக்கரைக்குச் சொல்லக் கூடாது. கைபேசி வராத காலம். இருந்த ஒரே போனிலும் அயல்நாட்டு இணைப்பை வெட்டினார்கள். நானும் என் குடும்பத்தாரும் அக்கரையோடு எவ்விதச் செய்தியும் பரிமாறமாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். நான் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதன்பின் என் மட்டக்கணக்கு மாவட்டத்துக்குப் போய், மாநிலத் தலைநகருக்குப் போய், நாட்டின் தலைநகருக்குப் போய், அங்கிருந்து அவர்கள் தலைநகர், அவர்கள் மாநிலம், அவர்கள் மாவட்டம் என்று இறங்கி அக்கரைக்கு வந்து சேரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். இங்கே சுற்றவேண்டியது இரண்டு தலை. மூன்று நாள் பிடிக்கும். ஆறு ஏறுவதற்கு அரை நாள் போதும்.

ஆனால் பாருங்கள், பதினொரு வருஷத்தில் ஐந்து வெள்ளம் வந்தது, அக்கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் தாழ்ந்த தெருவே முன்கூட்டிக் காலி செய்துகொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். யாரால்? என் ரிப்போர்ட்டால். மூன்று நாள் கணக்கு எப்படி இடிக்காமல் போனது என்று நான் யோசிக்கவே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கைக்கு அதில் அப்படியொரு பெருமை.

“நம்ம ரிப்போர்ட் இல்லேன்னா உங்க அக்கா தெருவே இருந்திருக்காது, தெரியுமா?” என்பேன் மனைவியிடம்.

“ஆமாங்க. உங்க ரிப்போர்ட்டுதான்” என்பாள் அவள், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

தினமும் காலையில் அவள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் துணி காயப்போடுவாள். அக்கரையில் அக்கா கரைக்கு வந்து கையசைப்பாள், இவளும் அசைப்பாள். நான் மாடிக்குப் போனால் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். எழுதிக் கொடுத்திருக்கிறேனே! என் மனைவியிடம் இன்னொரு விசித்திரப் பழக்கமும் இருந்தது. கொட்டுகிற மழையில், தபால் நிலையத்துக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும், சிவப்புப் போர்வை ஒன்றை மாடியில் காயப்போட்டுவிட்டுப் போவாள்.

“மழையில யாராவது துணி காயப்போடுவாங்களா?”

“அலசின மாதிரியும் ஆச்சுல்ல.”

இதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், என் வீட்டுக்காரிக்கு வெயிலும் மழையும் ஒன்று என்று.

அந்த வருஷம் மத்திய அரசிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். காலை ஏழு மணிக்குக் கம்பத்தில் பதினாலடி. நல்ல மழை. வழக்கம்போல் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டு மனைவி வேலைக்குப் போய்விட்டாள். எனக்கோ கை பரபரத்தது. பெரிய அதிகாரி வரும் இடத்தில், சொட்டச் சொட்ட ஒரு போர்வை தொங்கினால் எனக்கென்ன மரியாதை? ஒன்பது மணிக்கு மாடி ஏறினேன். போர்வையை எடுத்துப் பிழிந்தேன், நாலாக மடித்தேன். சும்மா இருந்த கயிற்றையும் அவிழ்த்து அழகாகச் சுருட்டி எங்கோ வைத்தேன். இறங்கும்போது எதேச்சையாக அக்கரையைப் பார்த்தேன். தாழ்ந்த தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள். என் ரிப்போர்ட் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

மதியம் மட்டம் பதினெட்டரை அடி. இருபத்தோரடி வந்தால் தாழ்ந்த தெரு தண்ணீருக்குள். அதிகாரி வெளியே குடையோடு நின்று கம்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது மனைவி நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

“மாடியில இருந்த போர்வை எங்கங்க?”

“மடிச்சு உள்ள வச்சிட்டேன். கயிறையும் சுருட்டி வச்சாச்சு” என்றேன். குரலில் ஒரு பெருமிதம் வேறு.

“எப்போ?”

“ஒன்பது மணிக்கே.”

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “கடைசியா படகுல போனப்ப அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன். மழையில செவப்புப் போர்வை தொங்கினா தண்ணி ஏறப்போகுது, தெருவையே கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடு. போர்வைய எடுத்துட்டா வடிய ஆரம்பிச்சிடுச்சு, திரும்பி வந்துடு. இப்ப எல்லாரும் கீழ இறங்கியிருப்பாங்க.”

“உனக்கு மட்டம் எப்படித் தெரியும்?”

“காப்பி குடிக்கிறப்ப தினமும் நீங்கதானே சொல்றீங்க? வேணாம்னாலும் சொல்றீங்க.”

அப்போது நான் ஒன்று கேட்டேன். நாற்பது வீட்டு ஜனம் தண்ணீரில் போகப்போகிறது, அதில் இவள் கூடப்பிறந்தவளும் ஒருத்தி. நான் கேட்டது இது: “அப்ப என் ரிப்போர்ட்?”

“அதுவும்தாங்க போச்சு. போர்வை கொஞ்சம் முன்னாடி போயிடுச்சு. எந்திரிங்க!”

கயிற்றை எங்கே சுருட்டி வைத்தேன் என்பது நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேன். போர்வையை எடுத்துக்கொண்டு இருவரும் மாடிக்கு ஓடினோம். அக்கரையில் பாதித் தெரு இறங்கிவிட்டிருந்தது. மீதிப்பேர் தலையில் பாத்திரம் பண்டத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன். கைகளைத் தூக்கி, காற்றில் படபடக்கும் போர்வையை விரித்துக்கொண்டு நின்றோம்.

அதிகாரி குடையோடு மாடிக்கே வந்துவிட்டார்.

“என்னய்யா பண்றீங்க?”

“துணி காயப்போடறோம் சார்.”

“மழையிலயா?”

“காத்து அடிக்குதுல்ல சார்.”

அவர் எங்களைப் பார்த்தார், அக்கரையைப் பார்த்தார், நோட்டை எடுத்தார். நான் போர்வையை விடவில்லை. பயத்தினால்தான். இதில் வீரம் என்று ஒன்றும் இல்லை. விட்டால் மனைவி என்னை ஆற்றில் தள்ளிவிடுவாள் என்ற பயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அக்கரையில் ஒருவர் நின்றார். இன்னொருவர் திரும்பினார். பிறகு மொத்தக் கூட்டமும் மறுபடி மேட்டைப் பார்த்து ஏறத் தொடங்கியது. ஒரு பச்சைச் சேலை மட்டும் கரை ஓரத்துக்கு வந்து நின்று கையசைத்தது. புரிந்தது என்று சொல்வதற்காக. பதில் தெரியாமல் அது நகராது. என் மனைவியின் இரண்டு கைகளும் போர்வையில் இருந்தன. அழுதுகொண்டிருந்தாள்.

நான் என் முனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைத் தூக்கி அசைத்தேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. பச்சைச் சேலை மேட்டைப் பார்த்து ஓடியது.

நாலு மணிக்கு இருபத்திரண்டு அடி. சகலையின் வீட்டுச் சுவர் இடிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. என் ரிப்போர்ட் மூன்றாம் நாள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, ‘உரிய காலத்தில் தகவல் அளித்தமைக்கு’ இரண்டு தலைநகரங்களும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டன.

எனக்கு வந்தது மெமோ. நான் மாநில ஊழியன், அதனால் தண்டிக்கவேண்டியது மாநிலம் என்றது மத்திய அரசு. குற்றம் அயல்நாட்டு உறவு பற்றியது, அதனால் விசாரிக்கவேண்டியது மத்திய அரசு என்றது மாநிலம். துணி காயப்போடுவது யாருடைய அதிகாரப் பட்டியலிலும் இல்லையாம். கோப்பு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நான் ஓய்வே பெற்றுவிட்டேன்.

மெமோவில் இரண்டு கேள்விகள். முதலாவது, கனமழையில் போர்வை காயப்போட்டதன் காரணம் என்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் மாதிரி, காற்றின் வேகம், பருத்தியின் தன்மை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டாவது, அயல்நாட்டவர் ஒருவரை நோக்கிக் கையசைத்தது ஏன்? இதற்கும் நல்ல பொய்யாக நாலு யோசித்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து போர்வையில் கிழிந்த முனையைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரிதான் எழுதினேன்.

‘அவர் என் மனைவியின் அக்கா.’