ஐந்து வீடுகளுக்கு ஒரு குடித்தனக்காரன்

ஸ்கார்விகா துறைமுகத்தில் ஓட்வார் என்ற ஒற்றைக்கட்டை மனிதன் குளிர்காலம் முழுக்க ஐந்து குடும்பங்களாக வாழ்ந்துகொண்டிருந்தான். ஒரு வீட்டில் அவன் பல் டாக்டர். அடுத்த வீட்டில் வக்கீலும் வக்கீலின் மனைவியும். அதற்கடுத்து எண்ணெய்க் கம்பெனி அதிகாரி, கூடவே இரண்டு பிள்ளைகள். இப்படியே கரையோரம் நெடுக. பொழுது சாய ஆரம்பித்ததும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவான். வக்கீல் வீட்டுக் கணப்பை மூட்டிப் புகை கிளப்பிவிட்டு, டாக்டர் வீட்டில் மாடிக்கு ஒரு விளக்கு, கீழே ஒரு விளக்கு என்று போட்டுவிட்டு அதிகாரி வீட்டுக்கு ஓடுவான். அங்கே பிள்ளைகள் தூங்கப்போகும் நேரம் நெருங்கியிருக்கும், மாடி விளக்கை அணைக்க வேண்டும்.

எல்லாம் ஒரு சட்டம் செய்த வேலை. நார்வேயின் தென்கரையில் தண்ணீரைப் பார்த்து நிற்கும் வெள்ளை மரவீடு என்றால் யானை விலை, குதிரை விலை. ஓஸ்லோக்காரர்கள் வந்து வாங்குவார்கள், கோடையில் சில வாரம் இறால் உரித்துத் தின்பார்கள், பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் ஊரே சுடுகாடு மாதிரி கிடக்கிறதே என்று நகராட்சிக்கு ரோஷம் வந்தது. வீடு வாங்கினால் வருஷம் முழுக்கக் குடியிருக்க வேண்டும், முடியாதென்றால் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஓஸ்லோக்காரர்கள் குடியிருக்கவும் வரவில்லை, விற்கவும் இல்லை. தானாக எரிந்து தானாக அணையும் விளக்குகளை வாங்கி மாட்டினார்கள். ஐந்து வீட்டு விளக்கும் ஒரே நொடியில் குப்பென்று எரிந்ததில் குட்டு உடைந்தது. அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு நிஜ மனுஷன் ஒருவன் தேவைப்பட்டான்.

ஓட்வார் இதற்கு ஒப்புக்கொண்டது ரூத்துக்காக. ரூத் என்பது அவனுடைய மரப்படகு. குந்தினால் தலை இடிக்கிற ஓர் அறை, இருமிக்கொண்டே ஓடும் ஓர் எஞ்சின். மீன்கடை மாடியில் அவன் வாடகைக்கு இருந்த அறையையும் யாரோ வாங்கி 'கடல் காட்சி விடுதி' என்று பலகை மாட்டிய நாளிலிருந்து அவனுக்கு ரூத்தில்தான் படுக்கை. ஆனால் ஊர்த் துறையில் படகு கட்டும் இடம் ஊரில் வீடு உள்ளவர்களுக்குத்தான். வசந்தத்தில் துறைமுகக் குழு கூடும்போது முகவரி சொல்ல வேண்டும். சொல்லாதவனின் இடம் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். படகில் குடியிருக்கிறேன் என்றும் சொல்ல முடியாது, அதற்குத் தனியாகத் தடை இருந்தது. ஐந்து வீட்டுக்காரர்களில் ஒருவராவது வசந்தத்துக்குள் தன் முகவரியைத் தருவார் என்று நம்பித்தான் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான்.

இத்தனைக்கும் அந்த ஐந்து வீட்டு வாசலிலும் சொந்தப் படகுத்துறை உண்டு. ஒன்றில்கூடப் படகு கிடையாது. பல் டாக்டருக்குக் கடலில் இறங்கினாலே குமட்டும். ஓட்வார் ஒருமுறை போனில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், உங்க துறை சும்மாதான கெடக்கு. ரூத்தை அங்க கட்டிக்கட்டுமா?"

"அடடா, தப்பா நெனைக்காதீங்க ஓட்வார். அங்க ஒரு படகு நின்னா கடலை மறைக்குமே. அந்தக் காட்சிக்குத்தான நான் அவ்ளோ கொட்டிக் குடுத்தேன்?"

"நீங்க இங்க இல்லவே இல்லையே சார்."

"இல்லேன்னாலும் அது என் காட்சிதானே?"

அதே டாக்டர் இன்னும் சில விஷயங்களையும் சொல்லியிருந்தார். சோபாவில் உட்காரக் கூடாது. காபி மெஷினைத் தொடக் கூடாது. கழிப்பறையைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். ஓட்வார் விளக்கைப் போடுவான், வெளியே வருவான், பூட்டுவான். ஐந்து வீட்டிலும் அவன் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை.

அந்தக் கரையில் குளிர்காலத்திலும் நிஜமாகவே குடியிருந்தது குன்வோர் ஒருத்திதான். கடைசி வீடு அவளுடையது. படகுச் சர்வீஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள், ஓட்வாரோடு ஒரே வகுப்பில் படித்தவள், வாயாடி. புருஷன் போன பிறகு அவர் படகை விற்றுவிட்டாள். அவள் வீட்டுத் துறையிலும் கடற்காகங்கள்தான் உட்கார்ந்திருந்தன. டிசம்பரில் முதல் பனி விழுந்த காலையில், ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தவள் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எண்ணெய்க் கம்பெனி அதிகாரியின் வாசலில் ஓட்வார் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருந்தான். இரண்டு கைகளிலும் சின்னப் பிள்ளைகளின் பூட்ஸ். பனியில் தம் தம் என்று பதித்துக்கொண்டு கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"பசங்க பள்ளிக்கூடம் போறாங்க."

"சரி. ரெண்டு பசங்களுக்கும் பின்னாலயே முழங்கால் தடம் வருதே, அது யாரு?"

ஓட்வார் திரும்பிப் பார்த்தான். உண்மைதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வழியெல்லாம் முழங்காலும் போயிருந்தது.

"நாய்னு சொல்லிக்கலாம்," என்றான்.

"முழங்கால் போட்டு நடக்கிற நாயா? எந்த ஊர்ல வாங்கினாரு?" குன்வோர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, சிரிப்பு நிற்பதற்குள்ளேயே கேட்டாள். "நீ எங்கடா தூங்குற?"

"டாக்டர் வீட்ல," என்று பொய் சொன்னான். அவன் கோட்டிலிருந்து வந்த டீசல் நாற்றம் அவளுக்கு வேறு சொன்னது.

பிப்ரவரியில் ஓட்வாருக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்து நின்றால் ரூத்தே சுற்றுகிற காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டுவிட்டான். கரையோரம் ஐந்து வீடுகளும் இருண்டன. புகை இல்லை, தடம் இல்லை. குன்வோரும் அந்த வாரம் பார்த்து மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். படகுச் சர்வீஸின் கேப்டன் இரண்டு சாயங்காலம் பார்த்துவிட்டு, ஐந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் மாயமாகிவிட்டன என்று போலீஸுக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ஊரே திரண்டது. மீட்புப் படகு துறையைச் சுற்றி வந்தது. மோப்ப நாய்கள் வந்தன. தீயணைப்பு வீரர்கள் டாக்டர் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போய், சோபாவில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஒரு மீட்புப் பணியாளர் ரூத்தின் அறைக் கதவைத் தட்டினார்.

"அந்த அஞ்சு வீட்டு ஜனங்களை நீங்க பாத்தீங்களா?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றான் ஓட்வார் போர்வைக்குள்ளிருந்து. "காய்ச்சல்தான். படுத்திருக்காங்க."

"எல்லாருக்குமா? எங்க?"

"இங்கதான். நான்தான் அவங்க."

பணியாளர் அவன் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பிதற்றுகிறான் பாவம் என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்றுண்டு. ஊரில் அத்தனை பேர் தேடியதும் அங்கே வாழாதவர்களைத்தான். வாழ்ந்தவனைக் காணோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கோட்டுப் பையிலிருந்து ஐந்து வீட்டுச் சாவிக்கொத்து விழுந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது. ஓட்வார் தேறி எழுந்ததும் நகராட்சி விசாரணை வைத்தது. ஓஸ்லோவிலிருந்து ஐந்து வீட்டுக்காரர்களும் அடித்துப் பிடித்து வந்தார்கள். குளிர்காலத்தில் ஸ்கார்விகா எப்படியிருக்கும் என்று அவர்கள் பார்த்தது அன்றைக்குத்தான். நகராட்சி அதிகாரி டெர்யே தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்ல வருஷம் முழுக்க யாராவது குடியிருந்தாங்களா?"

"இருந்தாரே. ஓட்வார் என் வீட்லதான் இருக்காரு," என்றார் பல் டாக்டர்.

"சும்மா சொல்றாரு. என் வீட்ல," என்று வக்கீல் எழுந்தார்.

"எங்க பசங்களுக்கு அவர் மாமா மாதிரி," என்றார் எண்ணெய்க் கம்பெனிக்காரர்.

ஒண்ட இடமில்லாமல் கிடந்தவனுக்கு ஐந்து மாளிகைகள் அடித்துக்கொண்டன. டாக்டர் அவன் காதோரம் குனிந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முகவரி உங்களுக்கு. படகையும் என் துறையிலயே கட்டிக்குங்க, மறைச்சா மறைக்கட்டும்."

ஓட்வாருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை, ரூத் பிழைத்துவிடும். டெர்யே அவனைப் பார்த்துக் கேட்டார். "சொல்லுங்க, எந்த வீட்ல குடியிருக்கீங்க?"

அவன் வாயைத் திறந்தான். டாக்டர் வீட்டில் தனக்கு எந்த நாற்காலி பிடிக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

"எந்த வீட்லயும் இல்லீங்க," என்றான். "வெளக்குப் போடுவேன், வந்துடுவேன். ஒக்காரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க."

டெர்யேவின் முகம் சுருங்கியது. "அப்போ உங்களுக்கு ஊர்ல முகவரியே இல்ல. படகு கட்டுற இடத்தை..."

"இருக்குதே," என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. குன்வோர் எழுந்து நின்றாள். "என் வீடுதான் அவன் முகவரி. துறையும் காலியாத்தான் கெடக்கு. எழுதிக்குங்க."

"எப்பத்துலேர்ந்து அங்க இருக்காரு?"

"இதோ, இந்தக் கூட்டம் முடிஞ்சதுலேர்ந்து. சீக்கிரம் முடிங்க, உருளைக்கிழங்கு அடுப்புல கெடக்கு."

ஐந்து வீட்டுக்காரர்களும் திருதிருவென விழித்தார்கள். அவர்களை விற்கச் சொல்லித் தீர்ப்பானது, அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனது எல்லாம் வேறு கதை.

அன்று பொழுது சாய்வதற்குள் ரூத் இருமிக்கொண்டே வந்து குன்வோர் வீட்டுத் துறையில் நின்றது. கடற்காகங்கள் திட்டிக்கொண்டு எழுந்து போயின. ஐந்து வீடுகளும் இருண்டு கிடந்தன. ஓட்வார் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். ஜன்னலோர விளக்கைப் போட்டான். திரைச்சீலையை ஒதுக்கினான். பிறகு வழக்கம்போல வெளியே போய்க் கதவைச் சாத்தி, பூட்டுவதற்காகச் சட்டைப்பையில் சாவியைத் துழாவினான்.

கதவு திறந்தது. குன்வோர் கையில் கரண்டியோடு நின்றாள்.

"எங்கடா போற?"

ஓட்வார் குனிந்து பார்த்தான். காலில் காலுறை மட்டும், கீழே பனி.

"உள்ள வா," என்றாள். "வந்து ஒக்காரு."

உள்ளே நான்கு நாற்காலிகள் இருந்தன. எதில் உட்காருவது என்று தெரியாமல் அவன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.